கடைசி பஸ்ஸுக்குப் பத்து மார்க்

வீடு பார்க்கக் கிளம்புவதற்கு முன்பே நான் அட்டவணை போட்டுவிட்டேன். பத்துக் கட்டங்கள், கட்டத்துக்குப் பத்து மார்க், மொத்தம் நூறு. தண்ணீர், காற்று, கக்கூஸ், வாடகை, சுவரில் ஈரம், பக்கத்தில் கடை, ஆலயம், அம்மாவின் தையல் மிஷினுக்கு வெளிச்சம், அக்கம்பக்கம், பஸ். பஸ்ஸைக் கடைசியில் எழுதியதற்குக் காரணம் உண்டு. அதை முதலில் எழுதினால், அட்டவணையே எனக்காகத்தான் என்று யாராவது சொல்லிவிடலாம். அது உண்மை என்பதால்தான் பயந்தேன்.

முருகன்குறிச்சியில் ஒன்பது வருடமாக ஒரே வாடகை வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரரின் மகனுக்குக் கல்யாணம். ஜூலை முடிவதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். பாளையங்கோட்டைக்குள் இன்றைய வாடகை எங்களுக்கு ஆகாது. அப்பா நேசையா டவுனில் ஒரு பாத்திரக் கடையில் விற்பனையாளர். அம்மா தேவமணி வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். நான், டார்லின், பகலில் கொக்கிரகுளத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன். சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டு வரை பாளை பஸ் ஸ்டாண்டு பக்கம் சுருக்கெழுத்து வகுப்புக்குப் போகிறேன். ஆகஸ்டில் பரீட்சை.

"ஒரு நாள் விட்டா கை மறக்கும், ஒரு வாரம் விட்டா காதும் மறக்கும்" என்பார் எங்கள் சார். தினமும் காதில் விழுவதை எல்லாம் எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறார். அப்படித்தான் எனக்கு டைரி எழுதும் பழக்கம் வந்தது. கீழே இருக்கும் பேச்செல்லாம் அதிலிருந்து எடுத்தவை. ஒன்றிரண்டு இடத்தில் என் கை பிந்தியிருக்கலாம்.

அப்பாவுக்கு அட்டவணையே தேவைப்படவில்லை. ஆழ்வார்குறிச்சியில் அவருடைய அக்கா வீட்டில் பாதி காலியாகக் கிடக்கிறது. வாடகை கிடையாது. அம்பாசமுத்திரத்தில் ஒரு பாத்திரக் கடையில் அவருக்கு வேலை சொல்லி வைத்திருக்கிறார்கள். தையல் மிஷினை வேனில் ஏற்றிவிடலாம். ஏற்ற முடியாதது என் வகுப்பு ஒன்றுதான். அங்கிருந்து தினமும் பாளைக்கு வந்து போக முடியாது.

"பரீச்ச அடுத்த வருசமும் வரும்லா?" என்றார் அப்பா. கெட்ட எண்ணமே இல்லாமல்தான் கேட்டார். அதனால்தான் கோபப்படவும் முடியவில்லை.

அம்மாதான் வழி சொன்னாள். "ஆடி பொறக்கட்டும். ஒரு பயலும் வீடு மாற மாட்டான். வீடெல்லாம் சும்மா கெடக்கும். வீட்டுக்காரன் நம்மளத் தேடி வருவான், வாடகையும் கொறயும். நமக்கு ஆடியும் கெடையாது, அட்டமியும் கெடையாது."

வேதக்காரர்களாக, அதாவது கிறிஸ்தவர்களாகப் பிறந்ததில் இப்படியொரு லாபம் இருப்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. ஆடி பிறக்க இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. இப்போது சுற்றிப் பார்த்துவைப்பது, ஆடியில் பேரம் பேசி முடிப்பது என்று தீர்மானித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தரகர் குற்றாலலிங்கம் அண்ணாச்சி ஆட்டோவோடு வந்து நின்றார். மூன்று வீடு காட்டினார்.

முதல் வீடு தச்சநல்லூரில், மாடியில். படி செங்குத்து. அப்பா உள்ளே போனதும் தோளில் கிடந்த துண்டை உதறித் தரையில் விரித்து மல்லாந்து படுத்துவிட்டார்.

"என்னவே, மயக்கமா?" என்று பதறினார் அண்ணாச்சி.

"இல்லவே. படுத்துப் பாத்தாத்தான் வீடு தெரியும். செத்த பொறும்."

மூன்றாவது நிமிடம் குறட்டை கேட்டது. அம்மா பக்கத்து வீட்டில் ஒரு செம்பு தண்ணீர் கேட்கப் போனாள். அவள் தேர்வு முறை அதுதான். கதவைத் திறக்கிற வேகம், செம்பின் சுத்தம், கொடுக்கிற முகம் மூன்றையும் பார்த்துவிடுவாள். தச்சநல்லூரில் தண்ணீர் ஜன்னல் வழியாக வந்தது. "பாஸ்போர்ட் ஆபீசு மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. அக்கம்பக்கம் நான்கு மார்க்.

இரண்டாவது சுத்தமல்லியில். புது வீடு, டைல்ஸ் தரை, குழாயைத் திறந்தால் பாய்ந்து வரும் தண்ணீர். அப்பா அங்கேயும் படுத்தார், அங்கேயும் தூங்கினார். மொத்தம் எழுபத்து நான்கு. ஆனால் வகுப்பு முடிந்து ஜங்ஷன் போய் இன்னொரு பஸ் மாற வேண்டும். அந்த இரண்டாவது பஸ் சில நாள் வரும், சில நாள் வராது என்று கடைக்காரர் சொன்னார். பஸ்ஸுக்கு மூன்று போட்டேன். வீட்டின் மேல் கோபத்தில் குறைத்துவிட்டேனோ என்று தோன்றியது. நான்காக்கினேன். எழுபத்தைந்து.

மூன்றாவது முன்னீர்பள்ளத்தில். பழைய ஓட்டு வீடு. முன்பாதியில் வீட்டுக்காரி முத்துராணி அக்கா இருக்கிறார். மாவு அரைத்து விற்பவர். பின்பாதி வாடகைக்கு. சுவரில் ஒரு மூலையில் ஈரம். சமையல் மேடை சாய்ந்திருப்பதுபோல் தெரிந்ததால் என் பென்சிலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். அது தெற்குப் பக்கமாக உருண்டு கீழே விழுந்தது. இதற்கு எந்தக் கட்டத்தில் மார்க் குறைப்பது என்று தெரியவில்லை. கக்கூஸில் குறைத்தேன். பிறகு அது கக்கூஸுக்குச் செய்கிற அநியாயம் என்று பட்டதால் அழித்துவிட்டேன். பஸ்ஸுக்குப் பத்து கிடைக்கும் என்று வைத்துக் கூட்டினால்கூட மொத்தம் அறுபத்தொன்று. ஆனால் பாளையிலிருந்து நேராக டவுன் பஸ். கடைசி வண்டி எட்டு இருபதுக்கு என்றார்கள்.

அப்பா அங்கேயும் தூங்கினார். ஆக அவருடைய தேர்வில் எல்லா வீடும் பாஸ்.

ராத்திரி சாப்பாட்டில் அம்மா அட்டவணையைப் படித்தாள். "ஏட்டி, ஒனக்கு வேண்டியது பஸ்ஸு. அதுக்கும் பத்து, கடைக்கும் பத்தா? பஸ்ஸுக்குத் தொண்ணூறு போடு."

"அது நியாயமில்லம்மா."

"நியாயமா? வீடு என்ன பரீச்ச எழுதவா வந்துருக்கு?"

நான் மாற்றவில்லை. ஆனால் எட்டு இருபது பஸ் உண்மையிலேயே உண்டா என்று சோதிப்பது நியாயம்தானே என்று நினைத்தேன். திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வண்டி நின்றது. எட்டு இருபத்திரண்டுக்குக் கிளம்பியது. பெண்களுக்கான இலவசச் சீட்டைக் கண்டக்டர் கிழித்துக் கொடுத்தார். ஜன்னலோரம் இடம். எட்டு நாற்பத்தேழுக்கு முன்னீர்பள்ளம். நிறுத்தத்திலிருந்து வீடு வரை அடி எண்ணிக்கொண்டே நடந்தேன், இருநூற்றுப் பன்னிரண்டு. பஸ்ஸுக்கு முழுசாகப் பத்து மார்க் என்று தெருவிளக்கின் கீழ் நின்று எழுதினேன். அவ்வளவு திருப்தியாக நான் எதையும் எழுதியதில்லை.

திரும்ப நிறுத்தத்துக்கு வந்தேன். பஸ் விளக்கணைந்து நின்றது. டிரைவரும் கண்டக்டரும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, வண்டி எப்ப திரும்பும்?"

"காலைல அஞ்சேகாலுக்கும்மா. ராத்திரி இங்கனதான் ஹால்ட்டு. கடைசி பஸ்ஸுல்லா?"

கடைசி பஸ் என்றால் அதற்குப் பிறகு பஸ் இல்லை என்று அர்த்தம். இதை அட்டவணையின் எந்தக் கட்டமும் எனக்குச் சொல்லவில்லை. இன்னும் எங்கள் வீடாகாத ஒரு வீட்டுக்கு வீடு திரும்பிவிட்டேன்.

வாசலில் கிரைண்டர் கல்லைக் கழுவிக்கொண்டிருந்த முத்துராணி அக்கா என்னைப் பார்த்துவிட்டார். "ஏ பிள்ள, நீ நேத்து பென்சில் உருட்டின பிள்ளல்லா? இங்கன என்ன செய்யுத?"

சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

"பஸ்ஸு வருதான்னு பாக்க அதே பஸ்ஸுல வந்துட்டு, இனி எதுல போவ? மாவு டப்பாவுலயா?"

எனக்கு இரண்டு தோசை ஊற்றிக் கொடுத்துவிட்டு அப்பாவுக்கும் போன் செய்தார். அப்பா யாரிடமோ மொபெட் வாங்கிக்கொண்டு வந்தார். மேலப்பாளையம் தாண்டியதும், "அக்கா வீட்லேர்ந்து எங்கயும் பஸ் பிடிச்சுப் போகாண்டாம்" என்றார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை அம்மாவின் திட்டமும் போயிற்று. மூன்று வீட்டுக்கும் ஆடி முதல் வாரத்தில் பேரம் பேசலாம் என்று அவள் போனில் சொன்னதும் குற்றாலலிங்கம் அண்ணாச்சி திருப்பிக் கேட்டார்.

"எக்கா, ஆடியில யாரு சாவி குடுப்பா?"

"நாங்க வேதக்காரங்க அண்ணாச்சி. எங்களுக்கு ஆடி கெடையாது."

"ஒங்களுக்குக் கெடையாது. வீட்டுக்காரனுக்கு உண்டுல்லா? ஆடியில குடி வைக்க மாட்டாவ. ஆவணி ஒண்ணுக்கு வாங்க."

ஆவணி ஆகஸ்ட் நடுவில். எங்கள் வீடு ஜூலை கடைசியில் காலியாக வேண்டும். வாடகைக்கு வருகிறவர்களின் ஆடியை மட்டுமே நாங்கள் கணக்கில் எடுத்திருந்தோம்; வீட்டுக்காரர்களும் அதே காலண்டரைத்தான் கிழிக்கிறார்கள் என்பது எங்கள் மூவருக்குமே தோன்றவில்லை. அம்மா தையல் மிஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள், தைக்கவில்லை.

"அப்ப ஆழ்வார்குறிச்சிதான்" என்றார் அப்பா. "நாளைக்கு எனக்கு லீவு. நானும் அம்மாவும் போய்ப் பாத்துட்டு அக்காகிட்ட முடிவு சொல்லிட்டு வாரோம்."

புதன்கிழமை காலை ரயிலில் அவர்கள் போனார்கள். நான் கடைக்குப் போனேன். அன்று ஆனி மாதத்தின் கடைசி நாள். பதினொன்றுக்கு அண்ணாச்சி போன் செய்தார்.

"பாப்பா, முத்துராணி கூப்பிட்டா. பஸ் பிடிக்கப் பிள்ள படுத பாட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கா. இன்னைக்குப் பால் காச்சிட்டா குடி வந்த கணக்குத்தானாம். சாமான என்னைக்கு வேணும்னாலும் கொண்டு வரலாமாம். ஆடியிலகூட. ஆனா பன்னெண்டுக்கு ராகு காலம். அதுக்குள்ள காச்சணும். அட்வான்ஸ் சாமானோட குடுத்தாப் போதும்னுட்டா."

"அம்மாவும் அப்பாவும் ஊர்ல இல்லையே அண்ணாச்சி."

"பால் நீதான காச்சப் போற? அவ்வளவு பேரு எதுக்கு?"

அம்மாவுக்குப் போன் போட்டேன். அவர்கள் அத்தை வீட்டில்தான் இருந்தார்கள்.

"அப்பா எங்கம்மா?"

"இங்கனயும் படுத்துப் பாத்தாரு. தூங்குதாரு."

விஷயத்தைச் சொன்னேன். அம்மா யோசித்தாள். பின்னால் அத்தை யாரையோ கோழி விரட்டச் சொல்வது கேட்டது.

"அறுபத்தொரு மார்க்தான வாங்குச்சு அந்த வீடு?"

"ஆமாம்மா."

"பஸ்ஸுக்கு?"

"பத்து."

"போய்க் காச்சு. ஆனா ஜெபம் இல்லாம பால் காச்சப்பிடாது. போன ஸ்பீக்கர்ல போடு, நான் ஜெபம் பண்ணுதேன். அப்பாவ நான் பாத்துக்கிடுதேன்."

முதலாளியிடம் இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டு, அரை லிட்டர் பால் பாக்கெட்டோடு அண்ணாச்சியின் ஆட்டோவில் போனேன். முன்னீர்பள்ளம் சேரும்போது மணி பதினொன்று நாற்பது. முத்துராணி அக்கா அடுப்பும் சிலிண்டரும் கொண்டுவந்து வைத்திருந்தார். மஞ்சள் தடவிய பாத்திரமும் தயார். அதில் பத்துப் பேருக்குக் குழம்பு வைக்கலாம். அரை லிட்டர் பால் அதன் அடியில் ஒரு சின்னக் குட்டைபோலக் கிடந்தது. பாத்திரம் விற்பவரின் மகளான எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது, இது பொங்கி விளிம்பைத் தாண்டாது.

"அக்கா, இதுல பொங்காதுக்கா."

"பொங்காட்டா எப்படி? பொங்கணும்லா?"

மணி பதினொன்று நாற்பத்தெட்டு. அண்ணாச்சி வெளியே ஓடினார். எதிர்வீட்டிலிருந்து காப்பி போடுகிற ஒரு சின்னச் சட்டியோடு வந்தார். பாலை மாற்றினோம். இப்போது விளிம்புக்கு இரண்டு விரல்தான் குறைவு. மஞ்சள் பெரிய பாத்திரத்திலேயே நின்றுவிட்டது. அது செல்லுமா என்று கேட்டேன்.

"நீ மொதல்ல அடுப்பப் பத்த வை பிள்ள!"

பத்தவைத்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டு மேடையில் வைத்தேன். அது தெற்கே வழுக்கியது. எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன்.

"எல்லாரும் கண்ண மூடுங்க" என்றது அம்மாவின் குரல்.

மூடினோம். முத்துராணி அக்காவும் கையைக் கூப்பிக் கண்ணை மூடியதை நான் மூடுவதற்கு முன் பார்த்தேன்.

அம்மாவின் ஜெபம் சிறியதல்ல. வீட்டின் வாசலில் தொடங்கி, நிலைக்கு வந்து, ஜன்னல் ஜன்னலாகப் போனாள். ஞாயிற்றுக்கிழமை பார்த்த ஈர மூலையைக்கூட மறக்கவில்லை. வீட்டுக்காரியின் மாவு வியாபாரத்துக்கு வந்தாள். அண்ணாச்சியின் முழங்கால் வலிக்கு வந்தாள். பிறகு, "கர்த்தாவே, இந்தப் பிள்ளை ஏறுகிற ஒவ்வொரு பஸ்ஸையும் ஆசீர்வதியும், டிரைவரையும் கண்டக்டரையும் ஆசீர்வதியும்" என்றாள். அப்போது 'உஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது. தீய்ந்த பால் மணம் வந்தது. நான் கண்ணைத் திறக்கலாமா கூடாதா என்று தவித்தேன். ஜெபத்தின் நடுவில் கண் திறந்து பழக்கமில்லை.

"ஆமென்" என்றாள் அம்மா.

திறந்தேன். அடுப்பு அணைந்திருந்தது. சட்டியில் பாதிப் பால். மேடையெல்லாம் வெள்ளை. அண்ணாச்சி பாய்ந்து சிலிண்டரை மூடினார். மணி பதினொன்று ஐம்பத்தாறு.

"பொங்கிட்டு!" என்றார் முத்துராணி அக்கா. அடுத்த நிமிடம் அவர் முகம் மாறியது. "எந்தப் பக்கம் பொங்குச்சு?"

பால் எந்தத் திசையில் வழிகிறது என்று பார்ப்பதற்குத்தான் எல்லாரும் பால் காய்ச்சும்போது சுற்றி நிற்பார்கள். நாங்கள் மூவரும் நின்றோம், கண்ணை மூடிக்கொண்டு.

"கெழக்க" என்றார் அண்ணாச்சி. "நல்லா கெழக்க பாத்துப் பொங்குச்சு."

"நீரு கண்ண மூடித்தானவே நின்னீரு?"

"ஒரு கண்ணத்தான் மூடினேன்."

"தரகுக்காரன் கண்ணு! பிள்ள, நீ சொல்லு. நீதான் எல்லாத்தயும் எழுதி வைக்கிற பிள்ள."

நான் குனிந்து பார்த்தேன். கிழக்கே ஒரு மெல்லிய கோடு இருந்தது, விரல் நீளம். அதை மட்டும் சொன்னால் பொய்யாகாது. ஆனால் வழிந்த பாலின் முக்கால் பங்கு தெற்கே ஓடி, மேடை விளிம்பில் சொட்டிக்கொண்டிருந்தது. தெற்கு ஆகாத திசை என்பது எனக்கும் தெரியும். ஒரு சொல்லில் வீடு கிடைக்கும், வகுப்பு கிடைக்கும். ஆனால் அதே ஒரு சொல்லோடு தினமும் இந்த மேடையில் சமைக்க வேண்டும்.

"கெழக்க கொஞ்சம்க்கா. தெக்கதான் நெறய. மேட தெக்க சாஞ்சுருக்கு. பென்சிலும் அந்தப் பக்கந்தான் உருண்டுச்சு."

அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார். போனில் அம்மா, "என்னட்டி ஆச்சு? என்னட்டி?" என்றாள்.

முத்துராணி அக்கா மேடையையே பார்த்துக்கொண்டு நின்றார். பால் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"தெக்க" என்றார் அவர். "தெக்க என்னவே இருக்கு?"

"தெக்கயா?" அண்ணாச்சி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. "தெக்க பஸ் ஸ்டாப்புல்லா இருக்கு!"

முத்துராணி அக்கா என்னைப் பார்த்தார். திங்கட்கிழமை சிரித்த அதே சிரிப்பு, கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. "அப்ப சரிதான். இவ பஸ்ஸுக்குத்தான அலையுதா. பாலுக்கும் தெரிஞ்சுருக்கு." இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "ஆனா மேடைய நான் சரி பண்ண மாட்டேன், கேட்டியா? அது எங்க மாமனாரு கட்டினது."

மீந்த பாலில் ஆளுக்கு அரை டம்ளர் காப்பி குடித்தோம். சாவி கைமாறியபோது ராகு காலம் தொடங்க ஒரு நிமிடம் இருந்தது.

போனில் அப்பாவின் குரல் கேட்டது, தூக்கக் கலக்கத்தோடு. அம்மா அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அத்தையிடம் அவர் பேசுவது ஸ்பீக்கரில் தெளிவாக விழுந்தது.

"அக்கா, தப்பா நெனைக்காத. அங்கன பால் காச்சிட்டாவளாம். பொங்கிட்டுதாம். இனி மாத்தப்பிடாதுல்லா?"

"ஏலே நேசையா, நாம என்னைக்குலே பால் காச்சினோம்?"

"இன்னைக்குத்தான்" என்றார் அப்பா.

அவர் எப்போது என் பக்கம் வந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. டைரியில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

சாயங்காலம் வகுப்பில் சார் ஐந்து நிமிடம் டிக்டேஷன் கொடுத்தார். நான்கு சொற்கள்தான் விட்டேன். எட்டு மணிக்கு வெளியே வந்து, யோசிக்காமலேயே நேராக முன்னீர்பள்ளம் பஸ் முன்னால் போய் நின்றேன். ஒரு கால் படியில் ஏறிவிட்டது. அப்புறம்தான் எங்கள் பாத்திரம், பாய், மிஷின் எல்லாம் இன்னும் முருகன்குறிச்சியில் இருப்பது நினைவு வந்தது.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். அதே ஆள். "என்னம்மா, இன்னைக்காவது திரும்பி வாரதுக்கு வழி பாத்துட்டியா?"

"இன்னைக்கு ஏறல அண்ணாச்சி" என்று காலை எடுத்தேன். "ஒண்ணாந்தேதியிலேர்ந்து வாரேன். அதுக்கப்புறம் திரும்ப வேண்டாம்."